நிழலி எழுதிய உண்மைச் சம்பவம்

ஆகிலா பேய்க்கதை எழுதுவது பகலில்தான். சோறு அடுப்பில் கொதிக்க வேண்டும், மீன் விற்கிறவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கையால் போக வேண்டும், பக்கத்து வீட்டில் யாராவது பிள்ளையை ஏச வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இருந்தால்தான் அவளுக்குக் கதை ஓடும். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகு ஒரு வரியும் எழுதமாட்டாள். எழுதினால் பின்வளவுக்குத் தனியே போக முடியாது. குழாயடிக்குக்கூட புருஷன் றிபாஸ் துணைக்கு வர வேண்டும்.

"ஊரையெல்லாம் பயங்காட்டுற ஆளுக்கு ஊட்டுக் குழாயடிக்குப் போக ஏலாதாம்," என்று சொல்லிக்கொண்டே றிபாஸ் டோர்ச்சைத் தேடுவான். கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையில் ஓட்டோ ஓடுகிறவன். மனைவி எழுதுவதை அவன் இரண்டு வரிக்கு மேல் வாசித்ததில்லை.

மருதமுனையில் கறுப்பு ஹபாயா அங்கி தைக்கக் கொடுக்கிற பெண்களுக்கு ஆகிலாவைத் தெரியும். தோள் அகலமும் கை நீளமும் ஒருமுறை அளந்தால் அவளுக்கு மறக்காது. சொன்ன நாளில் தைத்துக் கொடுப்பாள். ஆனால் முகநூலில் 'நிழலி' என்ற பெயரில் கதை போடுகிறவள் அவள்தான் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. றிபாஸுக்குத் தெரியும். கூடப்பிறந்த ராத்தாவின் மகள் அப்ராவுக்குத் தெரியும். அவ்வளவுதான். ஒரு பொம்பிளை, அதுவும் ஐந்து நேரம் தொழுகிறவள், இருந்திருந்து பேயையும் ஜின்னையும் எழுதுகிறாளாம் என்று ஊர் கதைத்தால் முகத்தை எங்கே வைப்பது? தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு எதிரே வந்தாலே, கண்டுபிடித்துவிட்டார்களோ என்று மற்றக் கரைக்கு மாறி நடப்பாள்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மெதுவாகச் சொல்லுவாள். போன் அதை எழுத்தாக்கும். "கூரையில் பேய் இருந்தது" என்று சொன்னால் "கூரையில் பாய் இருந்தது" என்று எழுதிவைக்கும். அதை ஒருநாள் பார்த்த றிபாஸ், "அந்தப் பாயக் கீழ இறக்குங்க புள்ள, படுக்க வேணும்," என்றான். அன்று இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

எழுதுவதில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. பேயைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால் பயம் போய்விடும் என்பாள் அப்ராவிடம். வாசலில் கழற்றிவிட்ட செருப்பு, திரும்பி வந்து பார்க்கும்போது வீட்டுக்குள்ளே முகம் வைத்தபடி கிடக்க வேண்டும், அது போதும். அப்படி ஒரு வரிக்காகக் காலை முழுவதும் கறுப்புத் துணியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். சரியான சொல் வந்து விழுகிற நேரம், நல்ல துணியில் கத்தரிக்கோல் தடங்கல் இல்லாமல் ஓடுகிற மாதிரி உடம்புக்குள் ஒரு சந்தோஷம் ஓடும். அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு வேறெதுவும் தந்ததில்லை.

'எப்படி எழுதத் தொடங்கினீர்கள், நிழலி?' என்று வாசகர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு பேய்க்கதைப் புத்தகம் கிடைத்தது, அதில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன, முடிவை நானே கற்பனை செய்தேன் என்று பதில் போடுவாள். பொய்யில்லை. அந்தப் புத்தகம் இருந்தது உண்மை. ஆனால் அவளுடைய முதற்கதை அதுவல்ல.

முதற்கதை அவளுடைய ராத்தா அஸீஸா.

ஆகிலாவுக்குப் பத்து வயதிருக்கும். அஸீஸா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த காலம். திடீரென்று அவள் உறங்காமல் போனாள். விடியவிடியத் தனியே கதைத்தாள், சிரித்தாள். பிறகு ஒருநாள் பேச்சை முற்றாக நிறுத்திவிட்டாள். ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். ஓதிப் பார்க்கிற ஒருவரை எங்கிருந்தோ கூட்டி வந்தார்கள். மிளகாய்ப் புகை வீடெல்லாம் நிறைந்து தெருவரைக்கும் போனது. அப்படிப் பல நாள். ஒரு விடியற்காலையில் பார்த்தால், இடுப்புக்குக் கீழே தொங்குகிற அஸீஸாவின் சடை தலையில் இல்லை. முன்வளவு முருங்கை மரத்தில், ரிபன் கட்டியபடி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரம், ஆகிலா அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். ஒருவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. மேல் வகுப்புப் பிள்ளைகளும் வந்து நின்று கேட்டார்கள். மணி அடித்த பிறகும், "மறுகா? மறுகா என்ன நடந்த?" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அதுவரை ஒருவரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த நாள் சொல்லுவதற்காக, வீட்டில் நடக்காத சிலதையும் அவள் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு யாரோ நல்ல மனிதர் சொல்லி, மட்டக்களப்பில் ஒரு டொக்டரிடம் காட்டினார்கள். மருந்தில் அஸீஸாவுக்குச் சுகம் வந்தது. ஆனால் ஊரில் அவளைப் பெண் கேட்க ஆளில்லை. வாப்பா வயல் ஒன்றை விற்றுச் சம்மாந்துறையில் வீடு கட்டி, அங்கே கலியாணம் செய்து வைத்தார். மூத்தவளுக்குப் போக வேண்டிய தாய்வீடு இளையவளுக்கு வந்தது. ஆகிலா இன்றைக்குத் தையல் மெஷின் போட்டிருப்பது, ராத்தாவுக்கு மிளகாய்ப் புகை போட்ட அந்த அறையில்தான்.

போன மாரியில் ஒருநாள், மழை விடாமல் பெய்து வாடிக்கையாளர் ஒருவரும் வராத பகலில், ஆகிலா 'சடை' என்ற கதையை எழுதினாள். ஊரும் பேரும் மாற்றினாள். கதையில் அந்தப் பெண்ணின் சடையை அவளுக்குள்ளிருந்த ஒன்று வெட்டுகிறது. மரத்தில் தொங்கும் சடை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, நிலத்தைத் தொட்டு, வாசற்படியை நோக்கி வருகிறது. எழுதி முடித்தபோது சோறு அடிப்பிடித்திருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. இதுவரை எழுதியதில் இதுதான் நல்லது என்பது மட்டும் தெரிந்தது.

அன்று மாலைக்குள் கதை எங்கெங்கோ போனது. மலேசியாவிலிருந்து ஒருவர் பாராட்டினார். யாரோ அதைக் குரலில் வாசித்து யூடியூபில் போட்டார்கள். 'இது உண்மையா?' என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். ஆகிலா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, 'ஓம், உண்மைச் சம்பவம்தான்' என்று எழுதினாள். அதன் பிறகு கதை இன்னும் வேகமாகப் பரவியது.

மூன்றாம் நாள் காலை, தெரியாத பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: 'இது மருதமுனையில நடந்தது. எங்கட உம்மா கண்ணால கண்டவ. அந்தப் பொம்புள இப்ப சம்மாந்துறையில கலியாணம் முடிச்சி இரிக்கா.'

ஆகிலா அதை இரண்டு தரம் வாசித்தாள். உடனே அழித்திருக்கலாம். அழிக்க ஒரு விரல் போதும். ஆனால் அந்த ஒரு கொமன்டுக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். 'அல்லாஹ்வே, உண்மையா!' 'எந்த வீடு?' 'முருங்கை மரம் இன்னும் இருக்கிறதா?' அவர்களைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்கு அழிப்போம் என்று போனைத் துணிக்குக் கீழே வைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினாள். நடுவே நடுவே எடுத்தும் பார்த்தாள்.

மறுநாள் அப்ராவின் அழைப்புத்தான் வந்தது.

"சாச்சி, அத அழிங்க," என்றாள் அப்ரா. சலாமும் இல்லை, வேறொன்றும் இல்லை. "நிந்தவூர்க்காரங்க வாசிச்சிட்டாங்க."

நிந்தவூரில் அப்ராவுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்த வீட்டு மருமகள் ஒருத்தி கதையையும் கொமன்டையும் மாமிக்குக் காட்டியிருக்கிறாள். மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா தரகரிடம், கொஞ்சம் பொறுப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறா.

"உம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஆகிலா.

"நான்தான் காட்டின. வேற ஆராவது காட்ட முந்தி நான் காட்டினது நல்லம்தானே."

போனை வைத்தபிறகு ஆகிலா கதையை அழித்தாள். அழித்தும் பலனில்லை. அதற்குள் இன்னும் பல பக்கங்களில் அது வேறு வேறு பெயரில் கிடந்தது. ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினாள். சிலர் எடுத்தார்கள். ஒருவர், 'இரண்டாம் பாகம் எப்போது?' என்று கேட்டார்.

வியாழக்கிழமை பகல் அஸீஸா வந்தாள். சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். எப்போது வந்தாலும் கொண்டுவருகிற மண் முட்டித் தயிர் அன்றைக்கும் கையில் இருந்தது. அதைக் கண்டதும் ஆகிலாவுக்கு அழுகை முட்டியது. ராத்தா அதைக் குசினியில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் இருக்கிற கதிரையில் வந்து இருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் இந்த அறைக்குள் வருவதே குறைவு என்பது ஆகிலாவுக்கு அன்றுதான் உறைத்தது.

"வாசிச்சன்," என்றாள் அஸீஸா. "நல்லா எழுதியிரிக்காய். எனக்கே பயம் வந்திச்சி."

"ராத்தா, அல்லாவுக்காக என்ன மன்னிச்சிக்கங்க. நான் பேரு ஒண்டும் போடல்ல..."

"பேர் என்னத்துக்கு? சடையப் போட்டிரிக்காயே."

ஆகிலா மெஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"அத ஆரு வெட்டின எண்டு எழுதியிரிக்காய்?"

"அது கதைக்காக ராத்தா. நீங்கதான் வெட்டின எண்டு எனக்குத் தெரியும்."

"என்னத்துக்கு வெட்டின எண்டு தெரியுமா?"

ஆகிலா மெஷின் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இத்தின வருசத்தில ஒருநாளாவது கேட்டயா நீ?" என்றாள் அஸீஸா. குரல் உயரவில்லை. "ஓத வாற அந்த மனிசன் முதல்ல என்ட சடையத்தான் புடிக்கிற. கையில சுத்திப் புடிச்சி, நெருப்புச் சட்டிக்கு நேரா முகத்தக் குனிய வெப்பான். மிளகா எரியும். அங்கால இங்கால கிறுக ஏலா. சடை இல்லாட்டி எதப் புடிப்பான்? அதுக்குத்தான் வெட்டின. வாசலுக்குள்ள வரக்குள்ளயே அவன்ட கண்ணில படட்டும் எண்டுதான் மரத்தில போட்ட. இனி வராத எண்டு செல்ல எனக்கு அந்த நேரம் வாய் வரல்ல."

தெருவில் ஐஸ்கிறீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அஸீஸா கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீ பயந்ததத்தான் நீ எழுதியிரிக்காய். நான் பயந்த ஒண்டும் அதில இல்ல. வாப்பா என்ட கால அமத்திப் புடிச்சிக்கிட்டு இரிந்தாரு. உம்மா அழுதழுது மிளகா எடுத்துக் குடுத்தா. நீ இந்த வாசல் நிலையில சாஞ்சிக்கிட்டு நிண்டாய். எனக்கு உங்கட கண்ணுகள்தான் பயம். என்னப் பாத்துக்கிட்டு எனக்குள்ள வேற ஆளத் தேடினீங்க எல்லாரும்."

அந்த நேரத்தில்தான் ஆகிலாவுக்கு, வாழ்நாளில் மறக்க முடியாதது நடந்தது. ராத்தாவின் வார்த்தை காதில் விழுந்த மறுகணமே, அவளுடைய மனம் அதைத் தூக்கித் தனியே வைத்தது. 'எனக்குள்ள வேற ஆளத் தேடினீங்க.' இதுதான் கடைசி வரி. கதையை அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். நெருப்புச் சட்டிக்குள் குனிந்த கண்ணுக்கு முதலில் என்ன தெரியும்? கனலா, அவன் கால் விரலா? இப்படி வரிசையாக ஓடிக்கொண்டு போனது மனம். ராத்தா முன்னால் இருக்கிறாள், கண்ணீர் வழிகிறது, அவள் மகளின் கலியாணம் முறியப் போகிறது, தான் கதை வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஆகிலாவுக்கு விளங்கியபோது, மிளகாய்ப் புகைக்குள் தலையைக் கொடுத்த மாதிரி முகம் எரிந்தது. இருந்த இடத்தில் நிலம் பிளந்தால் நல்லது என்று தோன்றியது.

அஸீஸா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் எழுதிராத ஆகிலா," என்றாள்.

"இல்ல ராத்தா."

"நீ சின்னதில இரிந்தே அப்பிடித்தான். கேக்கக்குள்ள கண்ணு வேற மாதிரிப் போகும்."

ஆகிலா எழுந்து ராத்தாவின் காலடியில் இருந்தாள். "நான் நிந்தவூருக்குப் போறன். அதெல்லாம் கட்டுக்கதை, நான்தான் பொய்யா எழுதின எண்டு செல்லிட்டு வாறன்."

"பொய்ய உண்மையெண்டு சென்னாய். இப்ப உண்மையப் பொய்யெண்டு செல்லப் போறயா?" என்றாள் அஸீஸா. "எனக்கு வருத்தம் வந்த உண்மை. இப்பயும் மருந்துக் குளிச போடுறன், அதுவும் உண்மை. நானே போய்ச் செல்றன். நீயும் வா. ஒண்டும் கதைக்காம இரி."

றிபாஸின் ஓட்டோவில் மறுநாள் பின்நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு போனார்கள். சபியா உம்மா வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனா. தேத்தண்ணியும் கேக்கும் வைத்தா. அஸீஸா ஒன்றையும் மறைக்கவில்லை. உறக்கம் போனது, பேச்சு நின்றது, டொக்டர், மருந்து, அதற்குப் பிறகு இத்தனை வருடம் பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்தியது எல்லாவற்றையும் சொன்னாள். சபியா உம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் எல்லாரையும் பாதுகாக்கணும் மகள்," என்றா. பிறகு ஆகிலாவின் பக்கம் திரும்பினா.

"தங்கச்சிக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே?"

"அவ நல்லம்," என்றாள் அஸீஸா, ஆகிலா வாயைத் திறக்க முந்தி.

நான்தான் அதை எழுதியவள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ராத்தா பேசாமல் இருக்கச் சொன்னாள் என்பது ஒரு சாட்டு. தைக்கக் கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், ஊர் சிரிக்கும் என்ற பழைய பயம்தான் நாக்கைப் பிடித்தது. தன் வருத்தத்தைத் தன் வாயால் சொன்னவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சுகதேகி என்ற பெயரோடு அவள் கேக்கைத் தின்றாள். தேத்தண்ணியையும் குடித்து முடித்தாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு தரகர் வந்து, மாப்பிள்ளைக்கு இப்போதைக்குக் கலியாண யோசனை இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிழலி அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று எழுதினாள். அது கதையல்ல. 'சடை கதையில் வரும் பெண்ணுக்கு ஜின்னும் பிடிக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை. அவவுக்கு வந்தது ஒரு வருத்தம், ஒரு நோய். அவவை எழுத எனக்கு உரிமையில்லை. தயவுசெய்து பகிராதீர்கள்.' வாசகர்கள் அதையும் பகிர்ந்தார்கள். 'அப்போ உண்மைதான்!' என்று மேலே எழுதிப் பகிர்ந்தார்கள். ஆகிலா போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மாதக்கணக்கில் எழுதவில்லை. ஹபாயா தைத்தாள், சமைத்தாள், தொழுதாள். தொழுகையில் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் எழுதாமல் இருக்கப் பழகவில்லை. சீலை வெட்டும்போது, கறி கிண்டும்போது, வரிகள் வந்து வந்து நின்றன. ஒருநாள் றிபாஸ், கடைசி பஸ்ஸில் ஏறி இறங்காமலே போன ஒரு பிரயாணியைப் பற்றி எங்கோ கேட்டதைச் சொன்னான். அன்று முழுக்க அவள் கண் வேறு மாதிரிப் போனது. அதைப் பார்த்த றிபாஸ்தான் பூட்டிய அலுமாரியின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

"எழுதுங்க புள்ள. ஆனா ஊட்டு ஆக்கள எழுதாதீங்க," என்றான்.

எழுதினாள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷமாக இருந்ததுதான் பிறகு வெட்கமாகவும் இருந்தது. 'உண்மையா?' என்று யாராவது கேட்டால் இப்போது, 'இல்லை, கற்பனை' என்று பதில் போடுகிறாள். வாசகர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ராத்தா சொன்ன அந்த ஒரு வரி மட்டும் இன்னும் மனதில் கிடக்கிறது. எழுதினால் அது எவ்வளவு நல்ல கதையாக வரும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் எழுதவில்லை. எழுதவும் மாட்டாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை அப்ரா வந்தாள். கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கையில் ஹபாயாத் துணி இருந்த பை. இத்தனை மாதமாக அவள் சாச்சியோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

"வேற ஆளிட்டத்தான் தைக்கக் குடுக்கப் போனன். உம்மாதான் சாச்சிக்கிட்டக் குடு எண்டா," என்றாள், கதவடியில் நின்றபடி.

"உள்ளுக்கு வாங்க மகள்."

ஆகிலா அளவு நாடாவை எடுத்தாள். அப்ராவின் அளவு அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் அளந்தாள். கிட்டத்தில் நின்றும் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோள், கை, நெஞ்சுச் சுற்று. பிள்ளை மெலிந்திருந்தது.

"இப்பயும் எழுதிறீங்களா?" என்று கேட்டாள் அப்ரா.

இல்லை என்று சொல்லலாம். "ஓம்," என்றாள் ஆகிலா.

"தெரியும். நான் எல்லாத்தையும் வாசிக்கிறனான்."

நாடா ஆகிலாவின் கையில் நின்றது. அவள் ஏதாவது சொல்ல முந்தி அப்ராவே தொடர்ந்தாள்.

"கடைசியாப் போட்டிரிக்கிற பஸ் கதை நல்லால்ல, சாச்சி."

"என்னத்துக்கு?"

"பயமே இல்ல. பேய முதலே காட்டிட்டீங்க."

ஆகிலாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சிரிக்கத் தனக்கு என்ன தகுதி என்று அதை அடக்கினாள். அப்ராவும் சிரிக்கவில்லை. துணிப் பையை மேசையில் வைத்து, கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.